‘கேஷ்’ என்பது நம் ‘காசு’தானா?

“ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம்ம ‘காசு’விலிருந்துதான் போச்சு என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு செய்தி போட்டிருக்கிறார். சரிபார்க்கலாம் என்று தேடினால் ஓர் அகராதி தமிழ் என்கிறது, இன்னொன்று பிரெஞ்சு என்கிறது. எதை நம்புவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமா, இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடக்கூடிய கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் உங்களை உண்மையில் குழப்பியது, ஒரே சொல்லுக்கு இரண்டு அகராதிகள் எப்படி இரண்டு பிறப்பிடம் சொல்ல முடியும் என்பதுதான் என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு அகராதிகளும் சரி. ஏனென்றால் அது ஒரே சொல் அல்ல. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று ஒரே மாதிரி எழுதி, ஒரே மாதிரி உச்சரிக்கும் இரண்டு பெயர்ச்சொற்கள் இருக்கின்றன. ஒன்று நாம் தினமும் கேட்பது: ரொக்கம், கைப்பணம். மற்றது இன்று ஆங்கிலேயர்களே பெரும்பாலும் மறந்துவிட்டது: இந்தியா, சீனா, ஜாவா பக்கம் புழங்கிய மிகச் சிறிய செப்புக் காசு. முதல் சொல் ஐரோப்பாவில் பிறந்தது. இரண்டாவது நம்முடையது. பெரிய அகராதிகளில் இவை தனித்தனிப் பதிவுகளாக, தலையில் சின்னதாக 1, 2 என்று எண் போட்டு நிற்கும். கைப்பேசியில் தேடும்போது அந்த எண் கண்ணில் படாது. உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

நான் மொழியியல் ஆய்வாளன் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன், பழைய நாணயம் சேர்க்கிற கிறுக்கும் உண்டு. அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் ரொக்கக் ‘கேஷ்’. லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. அதுவே இத்தாலிய மொழியில் ‘காஸ்ஸா’ ஆனது, பிரெஞ்சில் ‘காஸ்’, ‘கேஸ்’ என்றெல்லாம் ஆனது. வணிகர்கள் பணம் வைக்கிற பெட்டிக்கு அதுதான் பெயர். பிறகு பெட்டியைச் சொன்னாலே உள்ளே இருக்கிற பணம் என்று ஆகிவிட்டது. இது நமக்குப் புதிதில்லை. மளிகைக் கடையில் “இன்னிக்குக் கல்லா எவ்வளவு?” என்று கேட்டால் யாரும் டேப் எடுத்துப் பெட்டியின் நீளத்தை அளப்பதில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தலைகாட்டுகிறது. ஜான் புளோரியோ என்பவர் 1598இல் வெளியிட்ட இத்தாலிய - ஆங்கில அகராதியில், ‘காஸ்ஸா’ என்ற சொல்லுக்கு வணிகனின் ‘கேஷ்’ என்று பொருள் எழுதுகிறார். அங்கே அது இன்னும் பெட்டிதான். பெட்டிப் பொருள் தேய்ந்து பணப் பொருள் மட்டும் நின்றது அதற்குப் பிறகு.

இந்த 1598ஐக் கவனியுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்ததே 1600 டிசம்பர் 31இல். சென்னையில் அவர்கள் இடம் வாங்கியது 1639இல். “பிரிட்டிஷ்காரன் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனான்” என்று மாமாவின் செய்தி சொன்னால், அவன் இங்கே வருவதற்கு முன்பே அந்தச் சொல் அவன் ஊர் அகராதியில் ஏறிவிட்டது என்று ஆகிறது. “போர்ச்சுகீசியர் வழியாகப் போயிருக்கலாமே” என்று ஒரு மாணவன் என்னிடம் வாதாடியிருக்கிறான். நல்ல வாதம்தான். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்பே, 1494இல், வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணிதப் புத்தகத்தில் இரட்டைப் பதிவுக் கணக்கு விளக்கப்படுகிறது. அங்கே ‘காஸ்ஸா’ என்பது கணக்குப் புத்தகத்தின் ஒரு தலைப்பு, வணிகனின் கையிருப்புப் பணம். பெட்டி பணமாக மாறிய வேலை கடல்வழி திறப்பதற்கு முன்பே முடிந்திருக்கிறது. அதனால் இந்தப் பாதி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரொக்கக் ‘கேஷ்’ தமிழ்ச் சொல் அல்ல.

அந்தப் பெட்டிக்கு வேறு பிள்ளைகளும் உண்டு. சூட்கேஸில் இருக்கும் ‘கேஸ்’, மருந்துக் கடைக் ‘கேப்ஸ்யூல்’, லாரிக்கு அடியில் இருக்கும் ‘சேஸி’ எல்லாம் அதே லத்தீன் ‘காப்ஸா’வின் வழிவந்தவை. ஆனால் போலீஸ் ‘கேஸ்’ அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அது ‘விழுதல்’ என்ற பொருள் தரும் வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது, நேர்ந்துவிட்ட நிகழ்வு என்று பொருள். சமையல் ‘கேஸ்’ மூன்றாவது சொல். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர், கிரேக்கத்தில் ஒழுங்கற்ற வெளியைக் குறிக்கும் ‘கேயாஸ்’ என்ற சொல்லை மனதில் வைத்து உண்டாக்கியது. பெட்டி, வழக்கு, வாயு ஆகிய மூன்றையும் நம் வாய் ‘கேஸ்’ என்ற ஒரே ஒலிக்குள் அடைத்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதே சங்கதி போர்ச்சுகீசியர் வாயில் நடந்ததைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

இப்போது நம் காசு. போலோஞாவைச் சேர்ந்த வர்த்தேமா என்ற பயணி 16ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தென்னிந்தியா வழியாகப் போனார், அவர் புத்தகம் 1510இல் ரோமில் வெளிவந்தது. இங்கே ‘காஸ்’ என்றொரு சிறுநாணயம் இருக்கிறது, பதினாறு சேர்ந்தால் ஒரு வெள்ளித் ‘தாரம்’ என்று எழுதுகிறார். கோழிக்கோட்டில் குரங்குகள் ஏராளம், ஒரு குரங்கு நாலு ‘காஸ்ஸே’ விலை என்று விலைப்பட்டியலும் தருகிறார். காது கேட்டது நம் காசு. கை எழுதியதோ, இத்தாலியனுக்குப் பழகிய ‘பெட்டிகள்’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டில். போர்ச்சுகீசியர்களும் முதலில் பலவிதமாக எழுதிப் பார்த்துவிட்டு, ‘காய்ஷா’ என்பதில் வந்து நின்றார்கள். அவர்கள் மொழியில் ‘காய்ஷா’ என்றால் ஏற்கெனவே பெட்டி! அதே லத்தீன் ‘காப்ஸா’வின் இன்னொரு பிள்ளை. நாம் மூன்று சொல்லை ‘கேஸ்’ ஆக்கியது மாதிரி, அவர்கள் பெட்டியையும் காசையும் ஒரே ‘காய்ஷா’ ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலேயர் பின்னால் வந்து, தங்களிடம் ஏற்கெனவே இருந்த ‘கேஷ்’ என்ற எழுத்துக்கூட்டை இந்த நாணயத்துக்கும் போட்டார்கள்.

ஆக, இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு தொடர்பு உண்டுதான். அது மாமா நினைக்கிற திசைக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. ஐரோப்பியப் பெட்டிச் சொல் நம் காசின் உருவத்தைத் தன் அச்சில் வார்த்துவிட்டது. நம் காசு, ரொக்கப் பொருள் ஆங்கிலத்தில் ஊன்றிக்கொள்ள ஏதாவது உதவி செய்ததா என்றால், மதராஸில் கணக்கு எழுதிய கம்பெனி குமாஸ்தாவின் மனதில் இரண்டும் கலந்திருக்க வாய்ப்பு நிறைய. அதை நிரூபிக்க யாரும் சான்று காட்டியதில்லை. வாய்ப்பு என்ற அளவில் விட்டுவிடுவதுதான் நேர்மை.

காசு ‘கேஷ்’ ஆன பிறகு எங்கெல்லாம் போனது என்பது மாமாவின் செய்தியைவிடச் சுவையான கதை. ஜாவாவின் சுந்தா பகுதியில், நடுவில் துளையிட்டு இருநூறாகவும் ஆயிரமாகவும் கயிற்றில் கோக்கும் செப்புக்காசை ‘காய்ஷா’ என்கிறார்கள் என்று லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் எழுதுகிறார். அவர் புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் அச்சான ஆண்டும் 1598. பெட்டிக் ‘கேஷ்’ புளோரியோ அகராதியிலும், காசுக் ‘காய்ஷா’ லின்ஸ்கோட்டன் புத்தகத்திலும் ஒரே ஆண்டில், ஒரே ஊரில்! பிறகு சீனாவின் சதுரத்துளைச் செப்புக்காசுக்கும் ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றே பெயர் வைத்தார்கள். சீனர்கள் அதை அப்படிச் சொன்னதே இல்லை, அவர்களுக்கு அது ‘வென்’ அல்லது ‘சியன்’. இன்றைக்கும் எந்த நாணய ஏலப் பட்டியலை எடுத்தாலும் ‘சீனக் கேஷ்’, ‘வியட்நாம் கேஷ்’ என்றுதான் இருக்கும். தமிழ் அறியாத ஏலக்காரர் ஒருவர், தமிழ் பேசாத நாட்டு நாணயத்துக்குத் தமிழ்ப் பெயர் சொல்லி விற்றுக்கொண்டிருக்கிறார். பெருமைப்பட வேண்டும் என்றால் இதற்குப் படலாம், இதில் பிழையில்லை.

சென்னையில் கம்பெனியின் பழைய கணக்கு 80 காசு ஒரு பணம் (அப்போது அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். 1818இல் ரூபாய்க் கணக்குக்கு மாறும் வரை இதுதான். இந்தக் காசுகளை ஒரு கட்டத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே, மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் இயந்திரத்தில் அடித்து அனுப்பினார்கள். 1803, 1808 என்று ஆண்டு பொறித்த இருபது காசு நாணயத்தில் ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’ என்றும், பாரசீக எழுத்தில் ‘பிஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்’ என்றும் இருக்கும். இருபது காசு நாலு ஃபுலூஸ் என்று பொருள், ஃபுலூஸ் என்பதும் செப்பு நாணயம்தான். ஒரே நாணயத்தின் முகத்தில் ஆங்கிலம் ‘கேஷ்’ என்கிறது, பாரசீகம் ‘காஸ்’ என்கிறது. இந்தக் ‘கேஷ்’ எந்தக் ‘கேஷ்’ என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இந்தச் சரக்கோடு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் மூழ்கி எடுத்தபோது பத்து லட்சத்துக்கு மேல் காசுகள் கிடைத்தன. அதனால்தான் 1808ஆம் வருடத்து மதராஸ் காசு, பளபளப்புக் குறையாமல், இன்று ஐரோப்பிய நாணயக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது.

என் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். 1956 வரை நாங்கள் திருவிதாங்கூரையும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்தவர்கள். பழைய திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். எங்கள் ஆச்சி கடைசிவரை விலையைச் சக்கரத்தில்தான் மனக்கணக்குப் போட்டாள். அவள் வெற்றிலைச் செல்லத்தின் அடியில் கிடந்த ஒரு காசில் சங்கு முத்திரையும், மலையாளத்தில் ‘ஒரு காசு’ என்றும் ஆங்கிலத்தில் ‘ஒன் கேஷ்’ என்றும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ‘கேஷ்’ என்றால் ரொக்கம் என்று படித்திருந்த எனக்கு, ‘ஒரு ரொக்கம்’ என்று எந்த மடையன் நாணயத்தில் அடிப்பான் என்று தோன்றியது. இந்த விஷயத்தில் நான் இறங்கியது அந்தக் கேள்வியால்தான்.

உறுதியானது இதுவரை சொன்னது. இனி விவாதத்துக்கு உரியது: நம் ‘காசு’ எங்கிருந்து வந்தது? இதைத்தான் செய்தி அனுப்புகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலேயர் இங்கே புழங்கிய சொற்களைத் தொகுத்து யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி, சமஸ்கிருதத்தில் ஒரு நிறையளவைக் குறிக்கும் ‘கர்ஷ’ என்ற சொல்லோடு காசை இணைக்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்தியக் கல்வெட்டுகளில் ஊறியவர், அவர் பேச்சைத் தள்ளிவிட முடியாது. ‘கர்ஷ’ பிராகிருதம் வழியாகத் தேய்ந்து காசு ஆவது ஒலி அளவில் நடக்கக்கூடியதே. பிற்கால ஆங்கில அகராதிகள் பலவும் அதையே சொல்கின்றன.

எனக்கு அங்கே ஒரு நெருடல் உண்டு. தமிழில் பழைய காசு நாணயமாக இல்லை. குறுந்தொகை 67ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருப்பது எப்படி இருக்கிறது என்றால், புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் தன் கூர்நகத்தில் பிடித்த ‘பொலங்கல ஒரு காசு’ போல இருக்கிறது என்று வருகிறது. அது பொன்மணி, கோக்கிற உருண்டை. வேப்பம்பழத்துக்கு வட்ட நாணயம் உவமையாகாது, மணிதான் ஆகும். சங்க காலத்தில் பணம் என்றால் ‘காணம்’. பதிற்றுப்பத்துப் பதிகங்கள் சிலவற்றில் புலவருக்குக் கொடுத்த பரிசு காணக் கணக்கில் இருக்கிறது. ஆண்டாள் “காசும் பிறப்பும் கலகலப்ப” என்று பாடும்போது அது ஆய்ச்சியர் கழுத்தில் குலுங்கும் அணி. ஆக, ஒரு நிறையளவின் பெயர் இரவல் வந்து முதலில் மணிக்கும் அணிக்கும் பெயராகிப் பிறகு நாணயமானது என்று சொல்ல வேண்டியிருக்கும். மணி, அணி, அணியில் கோத்த பொன், அந்தப் பொன்னே பணம் என்று தமிழுக்குள்ளேயே நேராக வந்தது என்றும் சொல்லலாம். காசுமாலை இன்றும் நம் வீட்டில் இருப்பதால் எனக்கு இரண்டாவது வழிதான் இயல்பாகப் படுகிறது. ஆனால் இயல்பாகப் படுவது சான்று ஆகாது. என் சாய்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள், முடிவு என்று அல்ல.

நாணயப் பொருள் 7ஆம் நூற்றாண்டுக்குள் உறுதியாகிவிட்டது. திருவீழிமிழலையில் சம்பந்தர் “வாசி தீரவே காசு நல்குவீர்” என்று பாடுகிறார். வாசி என்றால் நாணயத்தை மாற்றும்போது பிடிக்கிற வட்டம். அப்பருக்குக் கிடைத்த காசு முழு மதிப்புக்குப் போனதாம், சம்பந்தருக்குக் கிடைத்ததில் கடைக்காரர் வாசி பிடித்தாராம், அதனால் இந்தப் பதிகம் என்பது பெரியபுராணக் கதை. கதை எப்படியோ, வட்டம் பிடிக்கிற பொருள் நாணயமாக மட்டும்தான் இருக்க முடியும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலீட்டுக் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்தக் காசு பொன். அதே பெயர் எண்ணூறு வருடத்தில் வராகனில் 3,360இல் ஒரு பங்காக, செம்பாகச் சரிந்துவிட்டது. நம் காசுக்குள்ளும் இரட்டைச் சொல் சிக்கல் இருக்கிறது, கவனித்தீர்களா? கோவலன் கண்ணகியைக் “காசறு விரையே” என்று கொஞ்சுவது ‘பணமில்லாத நறுமணமே’ என்றல்ல, அங்கே காசு என்றால் குற்றம். அந்தக் காசும் இந்தக் காசும் ஒன்றா வேறா என்று சண்டை போட இன்னொரு மாமா வேண்டும்.

ஒலி ஒத்துப்போனால் ஏன் போதாது என்று நீங்கள் கேட்கலாம். என் மாணவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் ‘எட்டு’. ஆங்கிலத்தில் ‘எய்ட்’, தமிழில் ‘எட்டு’, கேட்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பின்னோக்கிப் போங்கள். ஆங்கிலத்தில் பழைய வடிவம் ‘எயஹ்தா’, ஜெர்மனில் ‘அஹ்ட்’, லத்தீனில் ‘ஒக்டோ’. தமிழில் பின்னோக்கிப் போனால் எண்பது, எண்ணூறு என்பவற்றில் தெரியும் ‘எண்’. காலத்தில் பின்னே போகப் போக இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. உண்மையான உறவினர்கள் பின்னே போகப் போக நெருங்குவார்கள். பாரசீகத்தில் ‘பத்’ என்றால் கெட்டது, ஆங்கில ‘பேட்’டோடு அதற்குச் சொந்தம் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் ம்பபாரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. அதுவும் தற்செயல். இதற்கு எதிராக, ‘கட்டமரான்’, ‘செரூட்’, ‘முல்லிகட்டானி’ போன்றவற்றைப் பாருங்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்ற பொருள்களும் சொற்களோடு சேர்ந்தே கப்பல் ஏறின, எந்தக் கடற்கரையில் ஏறின என்பதும் தெரியும். செப்புக்காசுக் ‘கேஷ்’ இந்த வரிசையில் தாராளமாக உட்காரும். ரொக்கக் ‘கேஷ்’ உட்காராது.

மாமாவிடம் “பொய்” என்று சொல்ல வேண்டாம். இணையத்தில் 1808ஆம் வருடத்து இருபது காசின் படம் எளிதாகக் கிடைக்கும், அதை எடுத்துக் குழுவில் போடுங்கள். கீழே, “இந்தக் கேஷ் நம்மது, மாமா. உங்க ஏடிஎம் கேஷ் இத்தாலிக்காரன் கல்லாப்பெட்டி” என்று எழுதுங்கள்.